கூரைக்கு மட்டும் வரி

கருங்கல் என்றாலும் கறுப்பில்லை.
மழை விட்ட கையோடு பார்த்தால்
நனைந்த ஆட்டு ரோமத்தின் சாம்பல்.
வெயில் ஒரு கணம் சாய்ந்தால்
உள்ளிருந்து அப்பிரகம் மினுங்கும்,
யாரோ உப்பு அள்ளிய கையை
இங்கே உதறிவிட்டுப் போனதுபோல.

டிரம்கெரி மாளிகை, ஆபர்டீன்ஷயர்.
அளவெடுக்க வந்திருக்கிறேன்.
நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை.
கல்லில் ஆணி அடித்துப் பார்த்தேன்.
மூன்று ஆணி வளைந்தது.
நான்காவதை எடுக்கும்போது
வாயிற்குடிலிலிருந்து ஒரு பெண்மணி வந்து
கேட்காமலே நாடாவை வாங்கிக்கொண்டாள்.
பெயர் வில்லமைனா டூகிட்.
நாய்க்குப் பெயர் சொல்லவில்லை.

சுவரின் கனம் மூன்றடி நாலங்குலம்.
ஒவ்வொரு கல்லின் விளிம்பிலும்
பாதி பாதியாய்த் துளைத் தடம்.
வரிசையாகத் துளைத்து, ஆப்பு செருகி,
தட்டிவிட்டுக் காது கொடுத்திருக்கிறான் ஒருவன்.
பிளக்கும் முன்
கல்லின் சுருதி இறங்கும்.
குன்றுக்குப் பின்னால்
வீடு எழுந்த அளவுக்கு ஒரு குழி இருக்கிறது.
இப்போது வாத்துகள் நீந்துகின்றன.

ஐம்பத்து மூன்றில் வந்தது வினை.
கூரை இருந்தால் வீடு,
வீடு இருந்தால் வரி.
பிரபு ஒரு மாலை கணக்குப் போட்டார்,
மறுநாள் ஏணி வந்தது.
ஈயத் தகடு கிளாஸ்கோவுக்குப் போனது.
பைன் தரைப்பலகை ஒரு நடனக்கூடத்துக்கு.
ஸ்லேட் ஓடுகளை ஒரு பன்றிப்பண்ணைக்காரன் வாங்கினான்;
அவன் பன்றிகள் இன்றும் நனையாமல் தூங்குகின்றன.
கல்லை மட்டும் யாரும் கேட்கவில்லை.
இறக்கும் கூலி
கல்லின் விலையைத் தின்றுவிடும்.

தெற்கு முகத்தில் ஏழு ஜன்னல்.
எண்ணினால் ஏழு, திறந்தால் ஆறு.
கிழக்குக் கடைசியில் உள்ளே புகைபோக்கி ஓடுகிறது,
ஆனாலும் இடமும் வலமும் ஒத்திருக்க வேண்டுமே!
கல்லிலேயே சட்டம் செதுக்கி,
கறுப்படித்து, கண்ணாடி வரைந்து,
பாதி இழுத்த திரைச்சீலையும் தீட்டிவிட்டார்கள்.
உண்மையான ஆறிலும் இன்று வானம்,
ஒன்றில் முள்செடி.
உடையாத கண்ணாடி
அந்தப் பொய்யில் மட்டும்தான்.

உள்ளே போனால்
தரை இல்லை, மாடி இல்லை, படி இல்லை.
சுவர்களில் அந்தரத்தில்
ஒன்பது கணப்படுப்பு.
வில்லமைனா நாடாவை விடாமல்
தாடையால் மேலே காட்டினாள்.
"மூணாவது வரிசை, இடதுகைப் பக்கம். அது என்னோடது.
காலையில அஞ்சு மணிக்கு முட்டி போட்டா,
சாம்பல் வாரி, இரும்புக்குக் கரி தேய்ச்சு,
அந்தம்மா கண் முழிக்கறதுக்குள்ள தீ பிடிச்சிருக்கணும்.
பதினோரு வருஷம்."

அவள் முட்டி போட்ட இடத்தைப் பார்த்தேன்.
முப்பதடி உயரத்தில் காற்று.
ஒரு காக்கை அதன் வழியே
நேராகப் பறந்து போனது.

அடுப்புக்குள் ஒரு ரோவன் மரம் முளைத்திருக்கிறது.
செப்டம்பரில் கொத்துக் கொத்தாகப் பழுக்குமாம்.
கீழிருந்து பார்த்தால் தீ மாதிரி இருக்குமா என்றேன்.
"தீ மாதிரியா?
குப்பை மாதிரி இருக்கும்.
யார் ஏறி அதைக் கூட்டறது?"

படிவத்தில் ஒரு கட்டம்:
கணப்புகளின் எண்ணிக்கை. ஒன்பது என்று எழுதினேன்.
அடுத்த கட்டம்: அணுகும் வழி.
பேனா கொஞ்ச நேரம் நின்றது.

வடக்குச் சுவரை அளக்கும்போது
அளவு படிக்குமுன் முனையை விட்டுவிட்டாள்.
நாடா கல்லை உரசிக்கொண்டு
என் கைக்குள் ஓடி வந்தது.
இன்னொரு தடவை பிடிக்கச் சொன்னேன்.
மேற்கே பார்த்தாள்,
விரல்களை முந்தானைத் துணியில் இருமுறை துடைத்தாள்.
மழை வருது என்று
நாயைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டாள்,
வரி கட்டும் தன் கூரைக்குக் கீழே.