செவ்வாய்க்கிழமைத் தண்ணீர்

அட்டகாமாவின் தெற்கு விளிம்பில் இந்த மலை.
இங்கே எதுவும் ஊறுவதில்லை.
செவ்வாய்க்கிழமை தோறும்
எலிபெர்த்தோவின் டேங்கர் லாரி
முதல் கியரில் முனகியபடி ஏற்றிக்கொண்டு வருவதுதான்
எங்கள் காப்பி, எங்கள் குளியல்.

குழாயைச் செருகிவிட்டுக் கேட்பார்:
"நயரெத், உன் ஊர்ல தண்ணி இருக்கா?"
நான் பிறந்த விக்குன்யாவை அல்ல.
பதினான்கு ஒளியாண்டு தள்ளி
ஒரு சிவப்பு நட்சத்திரத்தைச் சுற்றுவதாக
இரண்டு வருடமாய் நான் சொல்லிவந்த ஒன்றை.

பார்த்ததில்லை. பார்க்கவும் முடியாது.
நட்சத்திரம் எங்களை நோக்கி
ஆள் நடக்கும் வேகத்தில் வரும்,
அதே நடையில் பின்வாங்கும்.
யாரோ கையைப் பிடித்து இழுக்கிறார்கள்
என்று மட்டும் தெரியும்.
இருபத்து மூன்று நாளுக்கு ஒரு சுற்று.
கொதிக்காத, உறையாத தூரம்.
ஒரு கோடு மயிரிழையிலும் மெலிதாய் நகர்ந்ததை வைத்து
அங்கே கடல் வைத்திருந்தேன்.

"இருக்கலாம்" என்பேன்.
"இருக்கலாம்னா எத்தனை லிட்டர்?" என்பார்.

நேற்று விடியற்காலை நாலு பத்துக்கு
கரும்புள்ளிகளின் கணக்கைக் கழித்துப் பார்த்தேன்.
நட்சத்திரம் தன்னைத்தானே சுற்றிக்கொள்ள
ஆகும் நாள்: இருபத்து மூன்று.
யாரும் கையைப் பிடிக்கவில்லை.
முகத்தில் தழும்புள்ள ஒருத்தி
தனியாக, மெல்லத்
திரும்பிக்கொண்டிருந்திருக்கிறாள்.

யெர்கோ ஒரு காதில் இயர்போனோடு
"ஈரம் ஏறுது, கூரையை மூடட்டுமா?" என்றான்.
மூடு என்றேன்.
கீழே பள்ளத்தாக்கில் பசிபிக்கின் மூடுபனி
குடிக்க முடியாத ஏரியாய் நிரம்பியிருந்தது.

இன்று செவ்வாய்.
கேட்டார். சொன்னேன்.
வால்வைத் திருகிக்கொண்டே அவர்
தொண்ணூற்றாறில் நடந்ததைச் சொன்னார்.
ஒரு செம்புச் சுரங்க முகாம். மூடிவிட்டார்கள்.
லாரிக்காரனிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.
ஆறு மணி நேர ஓட்டம்.
ஹாரன் அடித்திருக்கிறார், வெகுநேரம்.
கதவுகளைக்கூடக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

"அப்புறம்?"
"பள்ளிக்கூடத்து முன்னால ஒரு மொல்லே மரம் நின்னுது.
பன்னிரண்டாயிரம் லிட்டர். எல்லாத்தையும்
அதுக்கே விட்டேன்."

ரசீதில் கையெழுத்துப் போட்டேன்.
வண்டியைக் கிளப்பிவிட்டு
ஜன்னலில் தலையை நீட்டினார்:
"அடுத்து எந்த ஊரு?"

பட்டியலில் இன்னும் இருநூற்றுப் பதினொன்று.
பெயர் கிடையாது, எண்தான்.
ஒன்றைச் சொன்னேன். இந்த மாதம் முழுக்க
இரவு இரண்டுக்கு மேல்தான் உதிக்கும்.
அவர் அதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார்,
டெலிவரி விலாசம் போல.

அந்த மரம் பிழைத்ததா என்று
கேட்க வாயெடுத்தபோது
லாரி மூன்றாவது வளைவில்
தூசியாகியிருந்தது.