பக்கம் அறுபத்தொன்று

ஏப்ரல் முடிவதற்குள் மேயர் ஊருக்குக் கணக்கு வாசிக்க வேண்டும்.
சட்டம்.
மழையே தெரியாத இந்தக் கரையில்
ஆண்டறிக்கை மட்டும் பருவம் தப்புவதில்லை.

தட்டச்சு செய்வது நான்.
வடக்குச் சிலியில், முன்னால் கடல், பின்னால் பாலை,
நடுவில் நிலக்கரி தின்னும் நான்கு புகைபோக்கிகள்.
மூன்றுதான் புகைகிறது என்கிறது
போன வருட அறிக்கை, பக்கம் நாற்பத்திரண்டு.
அதை அடித்ததும் நான்தான்.

நட்ட மரங்கள்: நானூற்றுப் பன்னிரண்டு.
படத்தில் பள்ளிப் பிள்ளைகள், மஞ்சள் தொப்பி, பூவாளி.
நிற்கும் மரங்கள் என்றொரு கட்டம்
படிவத்தில் கிடையாது.
ஒரு ஞாயிற்றுக்கிழமை நாயைக் கூட்டிக்கொண்டு
எண்ணப் போனேன்.
முப்பத்தொன்று.
அதிலும் இரண்டு
நாய் போன்றவர்களின் தயவில்.

மூச்சிரைப்போடு வந்தவர்கள் எத்தனை பேர் என
மருத்துவமனைக்கு எழுதிக் கேட்டேன்.
பருவகால நோய், எண்ணிக்கை தனியாக இல்லை என்று
முத்திரை குத்திய பதில் வந்தது.
எங்கள் ஊருக்கு இருப்பதே ஒரு பருவம்.

செயலர் நிபால்டோ நல்ல மனிதர்,
யாருடைய பிறந்தநாளையும் மறக்காதவர்.
என் மேசையில் கையூன்றிச் சொன்னார்:
"எல்சிரா, ஊர் முகத்தில் கரி பூசிவிடாதே."
அவர் கையெடுத்த இடத்தில்
ஐந்து விரலும் தெளிவாக விழுந்திருந்தன.
நான் ஒன்றும் சொல்லவில்லை,
அவர் போனபின் துடைத்தேன்.

யாஸ்னா வந்தது அந்த வாரம்தான்.
ஆலைத் தொழிலாளர் விடுதிக்குத் துணி வெளுப்பவள்.
இரவு கொடியில் போட்ட தலையணை உறையை
விடியற்காலை மூடுபனியோடு எடுத்து
அப்படியே மடித்துக் கொண்டுவந்திருந்தாள்.
கண்துடைப்பு என்பார்கள் எங்கள் அறிக்கையை.
துடைத்த துணியை
இதுவரை யாரும் கொண்டுவந்து காட்டியதில்லை.

ஆலையை மூட வேண்டுமா, மனு எழுதவா என்றேன்.
"மூடினால் யார் துணியைத் துவைப்பேன்?
ஒருமுறை துவைக்கக் காசு தருகிறார்கள்.
இரண்டாம் முறைக்குத் தண்ணீர் என்னுடையது,
சோப்பு என்னுடையது, தோள்பட்டை என்னுடையது.
அதை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்?"

தேடினேன்.
வரவு, செலவு, நன்கொடை, இதர.
இதர என்பதன் கீழ்
அந்த உறையில் ஒரு சதுரம் வெட்டி
ஸ்டேப்ளரால் அடித்தேன்.
இரண்டு ஊசி வளைந்தது, மூன்றாவது பிடித்தது.

நகல் எந்திரம் தன்னால் ஆனதைச் செய்தது.
நாற்பது பிரதிகளிலும்
பக்கம் அறுபத்தொன்று வெறும் சாம்பல் கட்டம்.
உடற்பயிற்சிக் கூடத்தில், மடக்கு நாற்காலிகளுக்கு நடுவே,
கவுன்சிலர் யெர்கோ அதைத் தூக்கிக் காட்டினார்:
"நகராட்சிக்கு மை வாங்கக்கூட வக்கில்லையா?"
நல்ல சிரிப்பு.
மேயரும் சிரித்தார், நிபால்டோவும்.
யாஸ்னா வரவில்லை, திங்கட்கிழமை, அவளுக்குத் துவைக்கிற நாள்.

"அச்சு சரியாகத்தான் இருக்கிறது" என்றேன்.
என் குரல் ஒலிபெருக்கி இல்லாத குரல்.
முன்வரிசையில் ஒரு பெண் மட்டும்
தாளின் மேல் விரலை வைத்துத் தேய்த்து
விரலைப் பார்த்தாள்.
மேயர் பக்கம் அறுபத்திரண்டுக்குப் போய்விட்டார்:
கால்பந்துத் திடலுக்குப் புது விளக்குகள், பதினாறு.

ஆகஸ்டில் தலைநகரத்துத் தணிக்கை அலுவலகம்
கோப்பைத் தூசு தட்டி எடுத்திருக்கிறது.
தட்டினார்களா, விழுந்ததா,
எவ்வளவு விழுந்தது என்று எழுதவில்லை.
ஒரே ஒரு ஆட்சேபணை:
பக்கம் அறுபத்தொன்று, அளவின் அலகு குறிப்பிடப்படவில்லை,
பத்து நாளில் விளக்கம் தருக.

இன்று ஒன்பதாம் நாள்.
எல்லோரும் சாப்பிடப் போயிருக்கிறார்கள்.
ஜன்னலைச் சாத்திவிட்டு அடிக்கிறேன்:

அலகு: தலையணை உறை, ஒன்று.
கால அளவு: ஓர் இரவு.
குறிப்பு: அன்று காற்று இல்லை.