எண்பத்தேழில் ஒன்று

பகலில் நான் பல் செய்கிறவன்.
கொட்டாஞ்சேனையில், ஒரு லாபின் பின்னறையில்,
முகம் தெரியாத ஆட்களுக்கு
மேல்வரிசை, கீழ்வரிசை.
அங்கே படித்ததுதான்:
ஒரேயடியாக வெள்ளை என்றால் பொய்.
ஓரத்தில் கொஞ்சம் தேநீர்க் கறை வேண்டும்,
ஒரு பல் மற்றதைவிட
மயிரிழை சரிந்திருக்க வேண்டும்.

மரத்துக்கும் அதுதான்.
கடைப் பச்சையை அப்படியே தூவினால்
பிறந்தநாள் கேக்.
சாம்பல் கலக்க வேண்டும், மண் கலக்க வேண்டும்,
தும்முல்லைச் சந்தியில் பஸ் புகை படிந்த இலை
என்ன நிறமென்று நின்று பார்க்க வேண்டும்.
நின்றேன்.
பொலிஸ்காரர் ஒருவர் அடையாள அட்டை கேட்டார்.
"மரம் பார்க்கிறேன்" என்றேன்,
எனக்குத் தெரிந்த சிங்களத்தில்.
அவரும் அண்ணாந்து பார்த்தார்.
மேலே அவருக்கு ஒன்றும் அகப்படவில்லை.

மாரா மரம்.
இருபத்தைந்து மீட்டர் இருக்கும்.
எண்பத்தேழால் வகுத்தால்
ஒரு சாணும் நாலு விரலும்.
பொழுதுபட இலை மடிக்கும் சாதி,
ஆகவே மரத்துக்கு முதல்
நேரத்தைத் தீர்மானிக்க வேண்டியிருந்தது.
நாலரை என்று வைத்தேன்.
பள்ளிக்கூட வான்கள் போய்விட்ட,
கந்தோர்கள் இன்னும் விடாத நாலரை.
நிழல் றோட்டைக் கடந்து
எதிர்ச்சுவரில் கால் வைக்கிற நேரம்.

இலைக்குப் பழைய மெத்தை ஸ்பொஞ்.
சாயம் ஊற்றிக் காயவைத்து
மச்சாள் நிலோஜினியின் கிரைண்டரில் அரைத்தேன்,
அவள் மகனை ரியூசனுக்குக் கூட்டிப்போன நேரம் பார்த்து.
கழுவித்தான் வைத்தேன்.
அடுத்த நாள் சம்பலில் ஒரு பச்சை.
"கறிவேப்பிலை" என்றேன்.
அவள் அதை நகத்தில் எடுத்து
வெளிச்சத்தில் பிடித்தாள்.
"எந்த ஊர்க் கறிவேப்பிலை இப்பிடி இழுபடுது?"

கம்பி வந்த கதை வேறு.
மாசியில் மின்சார சபை லொறி வந்து
வயருக்கு மேல் சரிந்த கிளையை அறுத்தது.
கிளையோடு ஒரு காகக் கூடும் விழுந்தது.
முட்டை இல்லை, பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன்.
சுள்ளி குறைவு.
கட்டுக்கம்பி, இயர்போன் வயர்,
சட்டை மாட்டும் கம்பியொன்றின் கொக்கி.
கொழும்புக் காகம்
மரத்தில் கம்பியால் வீடு கட்டுகிறது.
நான் வீட்டைப் பிரித்து
மரம் முறுக்கினேன்.

பல் வார்க்கும் சாந்தைப் பூசி
மெழுகுக் கத்தியால் பட்டை கீறினேன்.
அறுத்த கிளையைத் திரும்பக் கொடுத்தேன்,
கொக்கிக் கம்பியில், பழைய இடத்திலேயே.
என் மரம்தானே,
சபையில் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.
இலையை அடைத்து ஒட்டவில்லை.
காகம் ஒன்று இந்தப் பக்கம் நுழைந்து
அந்தப் பக்கம் வர வழி விட்டேன்.
இந்த அளவில் காகம் அரைச் சென்ரிமீட்டர்.

பசை காயட்டும் என்று பல்கணியில் வைத்தேன்.
வெள்ளவத்தை, ஆறாம் மாடி, உப்புக் காற்று.
முகம் வழித்துவிட்டு வந்தால்
கிரில்லில் ஒரு காகம்,
முழு அளவில்.
ஒரு கண்ணால் பார்த்தது.
தலையைத் திருப்பி மற்றக் கண்ணாலும் பார்த்தது.
பிறகு இறங்கி வந்து
அந்தக் கிளையை, வேறெதையும் அல்ல,
இரண்டே இழுவையில்.

அதே காகமா?
இருக்காது. கம்பி கம்பிதான் அதற்கு.
செருப்பை எடுத்தேன்.
ஆறு மாடிக்குக் கீழே யாரின் தலையோ என்று
திரும்ப வைத்தேன்.

இப்போது மரத்தில் ஒரு வெட்டு வாய்,
தும்முல்லையில் இருக்கிற அதே உயரத்தில்.
அதற்கு நிறம் தேடினேன்.
பெட்டியில் இருந்த மண்ணிறம் எதுவும் சேரவில்லை.
லாபில் பல் நிற அட்டையைப் பிடித்துப் பார்த்தேன்.
மூன்றாவது.
வெற்றிலை போடாத, தேநீர் குடிக்கிற,
நாற்பது வயதுக்காரரின் கடைவாய்.
அச்சாய்ப் பொருந்தியது.

நிலோஜினி சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.
"இதில ஒரு கொப்பு இருந்ததே?"
"காகம் கொண்டு போட்டுது."
"ஓம்," என்றாள்,
"அண்டைக்கு அது கறிவேப்பிலை."