ஆறுக்கு நாலு

பீடோரிலிருந்து பதினோரு கிலோமீட்டர் செம்பனை,
அப்புறம் மூன்றாம் டிவிஷன்,
அப்புறம் தண்ணீர்த்தொட்டி,
அதன் பின்னால் ஒரு கம்பம்.
அஞ்சல் நிலையம் என்று எழுதினால்
கடிதம் கேட்டு ஆள் வருவார்கள்.
ரிலே என்றே வைத்துக்கொள்வோம்.

ஒரு முகம் பட்டணத்துக் கோபுரத்தைப் பார்க்கும்,
இன்னொன்று லயங்களை.
கேட்கிற நேரத்தில் அதற்குப் பேச வராது,
பேசுகிற நேரத்தில் காது அடைத்துவிடும்.
(என் அண்ணனுக்கு எந்நேரமும் அடைப்பு. அது வேறு.)

வினாடியை நூறாக நறுக்கி
ஒவ்வொரு துண்டையும் பத்தாகக் கீறினால்
அந்தப் பத்தில் கோபுரத்துக்கு எத்தனை, லயத்துக்கு எத்தனை?
இதற்குத்தான் எனக்குச் சம்பளம், பெட்ரோல் படி, ஒரு தொப்பி.

கேட்பதற்கு அதிகம் கொடுத்தால்
சொல் வயிற்றில் தேங்கிப் புளிக்கும்.
பேசுவதற்கு அதிகம் கொடுத்தால்
வாயைத் திறந்துகொண்டு நிற்கும், சொல்ல ஒன்றுமில்லாமல்.
ஆறுக்கு நாலு என்று வைத்தேன்.
ஆறுக்கு மேல் கேட்க விதியில் இடமில்லை.
அதற்கே பட்டணத்து மாமாக் கடைத் திரையில்
உதைத்த பந்து வலைக்குப் போகாமல்
புல்லுக்கு மேலே நின்றுவிட்டதாம்.

இரவு எட்டரை. மழை.
இருநூற்றுப் பதினாலு கைப்பேசிகள்.
ரஃபிக்குல் குல்னாவில் இருக்கும் மகளைத் தேடுகிறான்.
அவள் முகம் கட்டம் கட்டமாக வருகிறது,
முதலில் நெற்றி.
கவிநேஷ் வீட்டில் கணக்கு வகுப்பு என்று சொல்லியிருப்பான்,
என் வரைபடத்தில் அது துப்பாக்கி விளையாட்டு.
நனைந்த மட்டைகளுக்கு அப்பால் இருப்பவனுக்கு
ஒரே சொல்லைக் கொண்டுசேர்க்க நான்கு பங்கு செலவு.
கம்பத்தடியில் இருப்பவனுக்கு ஒன்று போதும்.
கிட்ட இருப்பவனுக்கே கொடு, மொத்தம் ஏறும்
என்பார் பெட்டாலிங் ஜெயாவில் மிஸ்டர் லிம்.
மொத்தம் என்கிற ஆளை நான் பார்த்ததில்லை.
எந்த லயத்தில் இருக்கிறார்?

பதினேழு புகார்கள் ஒரே பெயரில்:
விமலேஸ்வரி, செக்ரோல் கிராணி.
அவர் அலுவலகம் ஆற்றுப் பக்கம், எல்லையில்.
குலைகளின் எடைக் கணக்கு ஒன்பதுக்குள் போகாவிட்டால்
வெட்டியவர்களின் கூலி அடுத்த வாரத்துக்குத் தள்ளும்.
இத்தனூண்டு கோப்பு,
ஒரு புகைப்படத்தில் கால்வாசி இருக்காது.
கீழே இறங்குவதை எல்லாம் அளந்தேனே,
ஏன் போகவில்லை?

மோட்டாரைச் சாய்த்துவிட்டு
மழைச்சட்டைக்குள் மடிக்கணினியைத் திறந்தபோதுதான் பார்த்தேன்:
இங்கிருந்து மேலே போகும் பேச்சுக்கு
நான் வைத்திருந்தது பத்தில் ஒன்று.
இவர்களுக்கு மேலே சொல்ல என்ன இருக்கிறது என்று
நினைத்திருப்பேன் போல.
நினைத்த ஞாபகம்கூட இல்லை.

மூன்றாக்கினேன்.
எட்டு ஐம்பத்தேழுக்கு எடை போனது:
நாற்பத்திரண்டு டன், இருபத்தாறு பெயர்கள்.
அந்த இரண்டு எங்கிருந்தாவது வரவேண்டுமே.
ரஃபிக்குலின் மகள் மூக்கு வரை வந்து நின்றுவிட்டாள்.

காலையில் லிம்மின் கடிதம்.
மொத்தம் மூன்று விழுக்காடு சரிவு. காரணம்?
மழை என்று எழுதினேன்.
பொய்யும் இல்லை.

அதற்குள் பதினெட்டாவது புகார்:
நேற்று போய்ச் சேர்ந்தது, நன்றி.
இன்றைக்கு?

கதவைத் திறந்து வானத்தைப் பார்த்தேன்.
ஒரு மேகமில்லை.