அக்கராயன்

அறிவியல் நகரில் மூன்றரைக்குப் போன கரண்ட்
ஐந்தேகாலுக்கு வந்தது.

ஆய்வுகூடத்துச் சேவையகத்துக்குள் ஒரு மெய்நிகர் கணினி.
அக்கராயன் என்று பேர் வைத்தது தர்மிளா.
குளம் பார்த்தவளில்லை, மடுப்பக்கத்துப் பிள்ளை.
பஸ் போர்ட்டில் வாசிக்கப் பிடித்துப்போச்சாம்.

எனக்குப் பேர் தேவைப்படவில்லை.
நூற்றிப்பதினேழில் முடியும் இலக்கம்,
உள்ளங்கையில் பேனையால்.

கரண்ட் வந்ததும் ரவுட்டர்
எல்லாருக்கும் புது இலக்கம் பிரித்துக் கொடுத்துவிட்டது,
நிவாரண வரிசையில் போல,
வந்த ஒழுங்கில்.

விடுதியில் இருந்து
பழைய இலக்கத்தைத் தட்டினேன்.
திறந்தது வேறு ஆள்.
கைரேகை பொருந்தவில்லை என்று
திரை முழுக்கக் கத்தல்.

போனில் தர்மிளா:
"இலக்கத்தை விடடா. பேரைச் சொல்லிக் கூப்பிடு.
பேருக்குப் பின்னால ஒரு புள்ளி, பிறகு லோக்கல்."

கூப்பிட்டேன்.
இந்தப் பேரில் எவரையும் தெரியாது, தொடரவா
என்றது.

அவள் ஆய்வுகூடத்தில் நின்று ரேகையை வாசித்தாள்.
நாற்பத்து மூன்று எழுத்து.
சின்ன கியூவா, பெரிய கியூவா?
பெரிசு.
பூச்சியமா, ஓவா?
பொறு, கண்ணாடி போடுறன்.

சரி.
ஒற்றை வை போதாதாம்.
யெஸ் என்று முழுதாய் அடித்தேன்.

உள்ளே முதல் வரி:
கடைசியாய் வந்தது நேற்றிரவு பத்து நாற்பது,
தொண்ணூற்றி இரண்டில் இருந்து.

ஆர் இந்தத் தொண்ணூற்றி இரண்டு?
கடவுச்சொல்லை மாற்றப் போனவன்
என் இலக்கத்தைப் பார்த்தேன்.
நூற்றி நாலு.

நேற்று
தொண்ணூற்றி இரண்டு
நான்தான்.