பிறர் தூண்டுதலின்றி

மஞ்சக்குப்பத்தில்
ஜெராக்ஸ் கடைக்கும் ஜூஸ் கடைக்கும் நடுவே என் மேசை.
பத்தொன்பது வருடமாக ஒரே வாக்கியத்தை எழுதுகிறேன்:
சுயநினைவோடும் முழுச் சம்மதத்தோடும்
பிறர் தூண்டுதலின்றியும் எழுதிக்கொடுத்த...
குடித்துவிட்டு வந்தவனுக்கும் இதையே எழுதினேன்.
மகன் முழங்கையைப் பிடித்து நிறுத்தியிருந்த
அந்தப் பெரியவருக்கும்.
சம்மதம் என்பது
பெருவிரலில் கொஞ்சம் ஊதா மை.

தேவனாம்பட்டினம் கல்லூரியில்
ஆங்கில இலக்கியம் படித்தவள் நான். நம்பமாட்டீர்கள்.
கடல் இரைச்சலில் பாதி கேட்காத வகுப்பு.
கஜலட்சுமி மேடம் கரும்பலகையில்
நாடக மேடை ஒன்று வரைவார்.
வலப்பக்கம் நல்ல தூதன், இடப்பக்கம் கெட்டவன்,
நடுவில், எல்லாம் படித்துமுடித்து அலுத்த ஒரு மனிதன்.
நானூறு வருடத்துக்கு முந்தைய ஐரோப்பா,
விதியா விருப்பமா என்று கேட்டுக்கேட்டே
தூக்கம் கெட்ட காலம், என்பார்.
பரீட்சையில் வந்தது:
அவன் தள்ளப்பட்டானா, விழுந்தானா? விவரி.
இரண்டு பக்கத்துக்கும் சமமாக எழுதினேன்.
பதினைந்துக்குப் பன்னிரண்டு.

வைரக்கண்ணு வந்தபோது
இடமும் வலமும் யாருமில்லை.

புயலுக்கு அடுத்த சித்திரை.
தானே என்று பெயர் அந்தப் புயலுக்கு.
யார் வைத்தார்களோ.
தானே வந்தது, தானே போனது.
பத்திரக்கோட்டையில் பலாமரங்கள்
வேரைக் காட்டிக்கொண்டு கிடந்தன.
விழுந்த தோப்பை வாங்க ஆள் இருந்தது.
விற்க வேண்டியவள்தான் இல்லை.
ஜிப்மரில், மகளின் கட்டிலுக்கடியில் படுத்திருந்தாள்.
எனக்குத் தெரியும். அவன் மறைக்கவில்லை.
அவளுக்குப் பதிலாக
காதோரம் மட்டும் நரையாக்கிய ஒருத்தியைக்
கூட்டி வந்திருந்தான்.

பயமுறுத்தவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை.
"இஷ்டமில்லைன்னா விட்டுடுங்க மேடம்,
எதிர்த்த மேசையில எழுதிக்கிறேன்."
இதைவிட நேர்மையாக என்னிடம் யாரும் பேசியதில்லை.

நாற்பதாயிரம்.
கூடவே ஒரு கேரிபேக்கில் பலாச்சுளை,
புயலுக்குத் தப்பிய மரத்துடையது.

கடன் இருந்தது என்று சொல்லலாம்.
இருந்தது; அன்றைக்கு நினைவுக்கு வரவில்லை.
பிள்ளைக்கு ஃபீஸ் என்று சொல்லலாம்.
பிள்ளையில்லை.
சுளையின் வாசம் நன்றாக இருந்தது.
இதையும் செய்து பார்த்தால் என்ன என்று இருந்தது.
அவ்வளவுதான்.

தட்டச்சினேன்: பிறர் தூண்டுதலின்றி.
இத்தனை வருடத்தில்
அந்த வாக்கியம் அன்றுதான் உண்மையானது.
கைநாட்டு வைத்தவளுக்கு அல்ல.
எனக்கு.

மரங்களுக்காவது காற்று இருந்தது.

இடி விழவில்லை.
யாரும் வந்து பாக்கி கேட்கவில்லை.
கேட்பார்கள் என்று கொஞ்ச நாள் காத்திருந்தேன்.
திருப்பாதிரிப்புலியூர் தேருக்கு வடம் பிடித்தேன்,
கை எரியவில்லை.
சில்வர் பீச்சில் சுண்டல் தின்றேன்,
அலை வந்து காலை நனைத்துவிட்டுப் போனது,
எல்லோர் காலையும் போல.

எண்ணெய் தடவாமல் பலா அறுத்தால் தெரியும்.
எத்தனை சோப்பு போட்டாலும் போகாது பால்.
கண்ணுக்குத் தெரியாது.
கதவு, பேனா, அடுத்தவர் கை,
தொட்டதிலெல்லாம் ஒரு பிசுக்கு.

இன்று காலை அவள் வந்தாள்.
ஆதார் அட்டையை நீட்டினாள்: அஞ்சலாட்சி.
இந்தப் பெயருக்கு இப்படி ஒரு முகம் இருக்குமென்று
நான் யோசித்ததேயில்லை.
கலெக்டருக்கு மனு வேண்டுமாம், திங்கட்கிழமைக்கு.
போன வாரம் வேலி போட ஆள் வந்தபோதுதான்
விஷயமே தெரிந்ததாம்.
மகள் இப்போது இல்லை.
விழுந்த மரத்தின் தூரில் துளிர்த்தது காய்க்கிறது என்று
வாழையிலையில் நாலு சுளை வைத்தாள்,
மனு எழுதும் முன்பே, கூலியில் சேராமல்.

பத்திர நகலை என் பக்கம் திருப்பினாள்.
கடைசித் தாள், அடியில்
என் பெயர், முத்திரை, உரிமம் எண்.

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா.
இத எழுதுனது யாருன்னு போட்டிருக்கா இதுல?"

ஜூஸ் கடை மிக்ஸி நின்றது.
வேம்பில் ஓர் இலை அசையவில்லை.
இடப்பக்கம் பார்த்தேன், வலப்பக்கம் பார்த்தேன்.

"போட்டிருக்கு" என்றேன்.