ஏழாவது பாத்தி

குத்தகைக்கு எடுத்த நாற்பது சென்ட்டின் நடுவே
பச்சை நைலான் கயிறு கட்டினாள்
என் ஓர்ப்படியாள் மெற்றில்டா.
கிழக்கே நீ, மேற்கே நான்,
உள்ளி சொல்லட்டும் என்றாள்.
கடியப்பட்டணத்துக்காரி. வள்ளத்தில் போடும் முடிச்சு.
அவளைத் தவிர யாருக்கும் அவிழாது.

தோவாளைச் சந்தை கலையும் நேரம் போய்
விலைபோகாததை அள்ளி வருவாள்:
அழுகின கேந்தி, நசுங்கின அரளி, நாரோடு பிச்சி.
மேலே சாணம். அதற்கும் மேலே சாளைத்தலை.
மூன்று மாதம் மூடிக் கிடந்தால்
கல்யாண மாலையும் சாவு மாலையும்
ஒரே கறுப்பாய்ப் பொடிந்துவிடும்.
அதை வாரி முகர்வாள்
காப்பிப்பொடி வாங்குகிறவள் மாதிரி.

நான் சொசைட்டியில் வரிசை நின்றவள்.
சூப்பர் பாஸ்பேட், பொட்டாஷ், யூரியா.
மூட்டையில் அச்சடித்த எண்ணை நம்புகிறவள்.
'உப்பு' என்பாள் அவள், ஒரே சொல்லில்,
வாயைக் கோணிக்கொண்டு.
எண் பொய் சொல்லாது, சாணி சொல்லும் என்றேன் ஒருநாள்.
அன்றைக்கு நான் போட்ட சாயா
ஆடை படிந்து ஆறிக் கிடந்தது.

இருபத்தைந்தாம் நாள்
என் பக்கம் தாள் கரும்பச்சையாய் எழும்பி நின்றது,
பதில் தெரிந்த பிள்ளைகள் கைதூக்கினது போல.
அவள் பக்கம் வெளிறிப்போய், ஆளே இல்லை.
ஜெயித்துவிட்டேன் என்று ஒன்றைப் பிடுங்கினேன்.
கழுத்து தடித்திருந்தது.
அடியில் சொல்லும்படி ஒன்றுமில்லை.
எல்லாம் தலைக்கேறிப் போயிருந்தது.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் கைநீட்டி
அவளுடையதில் ஒன்று.
சின்னது. ஆனால் கெட்டி.
நகம் பட்டதும் கண் எரிந்தது.

அன்று ராத்திரி டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
அவள் குவியலில் நாலு கூடை வாரி
கயிற்றை ஒட்டின ஏழாவது பாத்தியில்
கொத்திக் கலந்து மூடினேன்.
ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள் பார்த்தன.
அதுகளுக்கு வேறு வேலை இருந்தது.

மறுநாள் காலை
என் யூரியா மூட்டையின் வாய்க்கட்டு
எவ்வளவு இழுத்தும் அவிழவில்லை.
கத்தி வைத்து அறுத்தேன்.
அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

எழுபதாம் நாள், வெள்ளம் நிறுத்தி, தாள் சாய்ந்தபிறகு
ஆளுக்கொரு பக்கம் குந்திப் பிடுங்கினோம்.
என் ஏழில் கொத்துக் கொத்தாய்,
செப்புக்காசு நிறத்தில், மண் உதிர உதிர.
கயிற்றுக்கு அந்தப்புறமும்
அதே நிறம், அதே கனம்,
ஒரே ஒரு பாத்தியில் மட்டும்.
நிமிர்ந்தேன். மெற்றில்டா
வேட்டாளி பறந்ததுபோல வானத்தைப் பார்த்தாள்.

வடசேரியில் தரகன் ஒன்றை நசுக்கி முகர்ந்து
என்ன போட்டிய என்றான்.
பூ என்றேன் நான்.
உப்பு என்றாள் அவள்.
அவன் இரண்டையும் நம்பாமல்
கிலோவுக்கு நாலு ரூபாய் கூட்டிப் போட்டான்.

இப்போது அடுத்த நடவுக்கு விதையுள்ளி வந்திருக்கிறது.
அவள் எத்தனை பிடி போட்டாள் என்று தெரிந்தாக வேண்டும்.
கேட்டால்
நான் எத்தனை கூடை என்று சொல்லவேண்டி வரும்.
கயிறு அப்படியே கிடக்கிறது.
சாயா போட்டு வைத்திருக்கிறேன்.